ஏழு ஒன்றான கதை

கரண்ட் போய்த் திரும்பி வந்தால், எங்கள் கோவில்பட்டி வீடுகளில் மூன்று பேர் அதை அறிவிப்பார்கள். ஃபிரிட்ஜ் ஒரு தடவை உடம்பை உலுக்கி உறுமும். தெருப் பிள்ளைகள் 'ஏய்ய்ய்' என்று கத்தும். மூன்றாவது ஆசாமி சத்தமே போட மாட்டார். சமையல் மேடையில் உட்கார்ந்துகொண்டு 0:00, 0:00 என்று கண்ணடித்துக்கொண்டிருப்பார். மைக்ரோவேவ் அவன்!

பெயரிலேயே வில்லங்கம். "அவன் வந்தாச்சு சித்தப்பா" என்று நான் ஒரு தடவை சொன்னதற்கு, "எவம்ல?" என்று வாசல் வரை போய் எட்டிப் பார்த்தவர் என் சித்தப்பா.

அவன் கண்ணடிப்பதைப் பார்த்து, 'மிஷின் போச்சு' என்று மெக்கானிக்குக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம் சார். 'மணி என்னன்னு மறந்துபோச்சு, யாராவது சொல்லுங்களேன்' என்று அது கெஞ்சுகிறது, அவ்வளவுதான். சில மாடல்கள் 12:00 என்று மின்னும். கடிகாரப் பொத்தானை அமுக்கி மணியைச் சொல்லிக் கொடுத்தால் அடங்கிவிடும். பொத்தான்களே வேலை செய்யாமல் திரையில் ஒரு சாவிப் படமோ பூட்டுப் படமோ தெரிந்தால், அதுவும் ரிப்பேர் இல்லை. வீட்டு வாண்டு எதையோ அமுக்கிப் பூட்டிவிட்டது. பல மாடல்களில் ரத்துப் பொத்தானைச் சில விநாடி அமுக்கிப் பிடித்தால் திறந்துகொள்ளும்.

பல அவன்கள் சுவரிலிருந்து வருகிற கரண்டின் துடிப்பை எண்ணித்தான் மணி சொல்கின்றன. நம் கரண்ட் விநாடிக்கு 50 தடவை துடிக்கிறது. ஐம்பது எண்ணினால் ஒரு விநாடி. 2018 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, ஐரோப்பாவில் 25 நாடுகளில் இப்படி எண்ணுகிற கடிகாரங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஆறு நிமிஷம் பின்தங்கிவிட்டன. காரணம், செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் தகராறு. சேர வேண்டிய மின்சாரம் சேரவில்லை. துடிப்பு சராசரி 49.996-க்கு இறங்கிவிட்டது. 'புள்ளிக்கு அப்புறம்தானே' என்று அலட்சியமாக விட்டால், இரண்டே மாசத்தில் ஆறு நிமிஷம்!

2013 டிசம்பர் 31-ல் தென்னிந்திய மின்கட்டமைப்பும் நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைந்துவிட்டது. கயத்தாறு காற்றாலைக்கும் காஷ்மீர் பல்புக்கும் இன்று ஒரே தாளம். அந்தத் தாளம் அப்பப்போ கொஞ்சம் ஏறும், இறங்கும். ஆகையால் அவன் கடிகாரம் ஒன்றிரண்டு நிமிஷம் தப்பினால் மிஷினைத் திட்டாதீர்கள். அதை நம்பி ஆபீஸுக்கும் கிளம்பாதீர்கள். லேட்டாகப் போய் மேனேஜரிடம் கொசோவோ கதை சொன்னால் எடுபடாது.

மணி தப்பினால் பரவாயில்லை. நிமிஷம் தப்பினால்தான் வம்பு.

அந்தத் திரையில் ஒவ்வோர் எண்ணும் ஏழு குச்சிகளால் ஆனது. தீக்குச்சியை அடுக்கி விளையாடி வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். எட்டுக்கு ஏழு குச்சியும் வேண்டும். ஒன்றுக்கு வலது பக்கத்து இரண்டு போதும். அதன் தலையில் ஒரு குச்சியைப் படுக்க வைத்தால் ஏழு. இப்போது திருப்பிப் பாருங்கள். ஏழில் தலைக்குச்சி எரியாவிட்டால் அது ஒன்று. எட்டில் நடுக்குச்சி போனால் பூஜ்யம். ஒன்பதில் வலது மேல்குச்சி போனால் ஐந்து. திரை அணைந்துபோனால் நமக்குத் தெரிந்துவிடும். ஒரு குச்சி மட்டும் செத்தால், அது கூசாமல் பொய் சொல்லும்.

சித்தப்பா வீட்டில் நடந்தது அதுதான்.

மஸ்கட்டில் இருக்கிற மகன் வாங்கிக் கொடுத்த அவன். வயசு பத்துக்கு மேலே. பொத்தான்களில் எண்ணெல்லாம் தேய்ந்துவிட்டது. சித்தப்பாவுக்குப் பல் பாதிதான் பாக்கி. கடலை மிட்டாய் ஆசை மட்டும் முழுசாக இருக்கிறது. 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிய கோவில்பட்டி மிட்டாய் ஆயிற்றே, விட முடியுமா? நாலு துண்டைத் தட்டில் வைத்து, அவனில் இளக்கிச் சாப்பிடுவது அவர் வழக்கம்.

(இந்த மிஷினின் பூர்வீகமே மிட்டாய்தான். 1945 வாக்கில் அமெரிக்காவில் ராடார் குழாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பெர்ஸி ஸ்பென்ஸர் என்ற எஞ்சினீயரின் சட்டைப்பையில் மிட்டாய் உருகியது என்பது கதை. சாக்லேட் என்பாரும் உண்டு, வேர்க்கடலை மிட்டாய் என்பாரும் உண்டு. எங்கள் ஊர் ஓட்டு இரண்டாவதற்கே!)

அன்றைக்குத் தடவித் தடவி ஒன்றுக்குப் பதிலாக ஏழை அமுக்கிவிட்டார். இரண்டும் ஒரே வரிசையில் மேலும் கீழுமாக இருப்பவை. விரல் தப்பினால் கண் பிடிக்க வேண்டும். திரை இருப்பதே அதற்குத்தான். ஆனால் அந்த இடத்தில் தலைக்குச்சி செத்து ஆறு மாசமாச்சு. சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தே பார்த்தார்.

"ஒண்ணுதாம்ளா போட்டுருக்கு. சரியாத்தான் இருக்கு" என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வெல்லம் கருகுகிற வாடை. அப்புறம் புகை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நெருப்பு. சித்தப்பா பதறிப்போய்க் கதவை இழுக்கப் பாய்ந்தார்.

"ஏங்க, தொறக்காதிய! காத்துப் பட்டா குப்புன்னு பிடிச்சுக்கிடும். மூடுன பெட்டியில தீ எம்புட்டு நேரம் மூச்சு வாங்கும்?"

சொல்லிக்கொண்டே சித்தி சுவர் சுவிட்சை அணைத்துவிட்டார். தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். தீயின் குணம் அவருக்கு அத்துபடி. கதவு மூடியே இருந்தது. தீ தானாக அவிந்தது. உள்ளே கரி. வெளியே சித்தப்பாவின் முகத்திலும் அதே கலர்!

இதைவிடப் பெரிய தீ எரிந்திருக்கலாம். காரணம் என்ன? 'திரைதானே மங்கல்... சூடு பண்ணுதுல்ல' என்று ஓட்டியதுதான். அவனுக்கு வாய் ஒன்றே ஒன்று, அந்தத் திரை. அது உளறுகிறபோது உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்கு யார் சொல்வார்?

அது ஏன் மங்குகிறது? நீலப்பச்சையாக ஒளிர்கிற திரை என்றால், அது பழைய வால்வ் ரேடியோவின் தம்பி. காற்றில்லாத கண்ணாடிக் குடுவைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கம்பி சூடாகி, எலெக்ட்ரான்களை அனுப்பும். அவை குச்சிகளின் மேல் பூசியிருக்கிற பொடியில் மோதினால் வெளிச்சம். எரிய எரிய அந்தப் பொடி களைத்துப்போகும். இதற்குத் துடைத்துப் பிரயோஜனமில்லை. மற்றபடி உள்ளே இணைப்பு விட்டாலும் குச்சி போகும். எதுவானாலும் மெக்கானிக் வேலை.

நம் வேலை வேறு. முதலீடு, ஒரு பழைய பனியன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துணியை நனைத்துப் பிழிந்து திரையைத் துடையுங்கள். நேரே திரையில் தண்ணீரோ சோப்புத் திரவமோ பீய்ச்சினால், இடுக்கு வழியே உள்ளே போய்க் குடித்தனம் பண்ணும். மண்ணெண்ணெய், தின்னர், இரும்பு நார் மூன்றுக்கும் தடை. திரை ஆயுசுக்கும் புகைமூட்டமாகிவிடும்.

அடுப்பை ஒட்டி வைக்காதீர்கள். குக்கர் ஆவியும் தாளிப்பு எண்ணெயும் ஏறும். அதன்மேல் ஆடிக் காற்றில் வருகிற கரிசல் மண் படிந்தால் திரையில் கம்பு விதைக்கலாம். காற்றுத் துளைகளை அடைத்து மேலே டப்பா அடுக்கவும் கூடாது. சிந்தினதை அன்றன்றைக்கே துடையுங்கள். இல்லாவிட்டால் திரைக்குப் பின்னால் இருக்கிற இருட்டும் கதகதப்பும் கரப்பான் பூச்சிக்கு லாட்ஜ் போட்ட மாதிரி.

ராத்திரி சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரைக்கும் ஓய்வு, பில்லுக்கும் ஓய்வு. நான் பி.காம்.; கணக்குப் போடாமல் இருக்க முடியாது. சும்மா மணி காட்ட 3 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 72 வாட்-மணி. 1200 வாட் இழுக்கிற அவனில் மூன்று நிமிஷம் சோறு சூடாக்க 60 வாட்-மணிதான். சோற்றைவிட மணிக்குச் செலவு ஜாஸ்தி! வருஷத்துக்கு 26 யூனிட். ஐப்பசியில் இடி இடிக்கிறபோது பிளக்கையே பிடுங்கிவிடுவது இன்னும் உத்தமம்.

ஒன்றே ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 'திரைதானே, நாமே பார்த்துக்கலாம்' என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்காராதீர்கள். திரைக்குப் பக்கத்திலேயே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் 2000 வோல்ட் வாக்கில் ஏற்றிக் கொடுக்கிறது. அதைப் பிடித்து வைக்கிற கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஆளைக் கொல்லும் சார்ஜை வைத்திருக்கலாம். விவரம் தெரிந்த மெக்கானிக் முதல் வேலையாக அதைக் காலி பண்ணிவிட்டுத்தான் கை வைப்பார். அவருக்குக் கொடுக்கிற கூலி அதற்கும் சேர்த்துத்தான்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு சோதனை. அவனுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள், கை தவறி ஓடினாலும் வெறும் வயிற்றில் ஓட வேண்டாம். பொத்தானில் 8888 அமுக்குங்கள். ஸ்டார்ட் அமுக்க வேண்டாம். ஏழு குச்சியும் எரிகிற எண் எட்டு ஒன்றுதான். நாலு எட்டுக்கு இருபத்தெட்டுக் குச்சி. எண்ணிப் பார்த்துவிட்டு ரத்து செய்யுங்கள். சில மாடல்களில் முதல் இடத்தில் ஒன்று மட்டும்தான் வரும். அங்கே மற்ற மூன்றைப் பாருங்கள். திருகு வைத்த மாடலா? மெதுவாகத் திருகி, எண்கள் ஒவ்வொன்றாக மாறுவதைக் கவனியுங்கள்.

தீப்பெட்டியில் குச்சி குறைந்தால் கடைக்காரரிடம் நியாயம் கேட்கிற ஊர் எங்களுடையது. இதிலும் ஒரு குச்சி குறைந்தால் சும்மா விடாதீர்கள்!