பேர் வெட்டிய பிறகு

1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த எங்களை மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். இனிமேல் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் அதில் இடம் இருந்தது. ‘இயற்கைப் பெருக்கம்’ என்று எழுதி, பெற்றவர்களோடு சேர்த்துவிட்டார்கள். என் மூன்று பிள்ளைகளும் அந்தப் பெருக்கத்தில்தான் வருவார்கள். மூவரும் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில், காம்பரா என்கிற ஒரே அறையில் பிறந்தவர்கள்.

இந்தியாவா இலங்கையா என்று மனுப் போடச் சொன்ன காலத்தில் வீட்டுக்காரர் இந்தியாவுக்கு எழுதினார். என் மாமியார் சாகிறவரை “நம்ம ஊரு, நம்ம ஊரு” என்று சொல்லிக்கொண்டிருந்த முசிறிப் பக்கத்துக் கிராமம் அவர் மனதில் இருந்தது. அடுத்த காம்பராவில் இருந்த அவருடைய அண்ணன் இலங்கைக்கு எழுதினார். இரண்டு பேரும் எழுதியதில் கோபதாபம் ஒன்றும் இல்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு, இந்தப் பக்கம் ஒரு நாடு என்றாகும் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு காம்பராவிலும் மாறி மாறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு 1973, 74 பஞ்சம் வந்தது. அரிசி கிடைக்கவில்லை, மாவும் அளந்து கொடுத்தார்கள். மலைக்குப் போகிற பெண்கள் கொழுந்துக் கூடையின் அடியில் கீரை பறித்துப் போட்டுக்கொண்டு வருவோம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பசியால் செத்தவர்கள் உண்டு. அதுவரை போவதா வேண்டாமா என்று மனசு ஊசலாடிக்கொண்டிருந்த என்னை முடிவு செய்ய வைத்தது அந்தப் பசிதான். பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறாவது கிடைக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்தேன்.

பாஸ்போர்ட்டுக்காக ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் குடும்பத்தோடு படம் பிடித்தோம். காகிதங்கள் நகர்ந்து வருவதற்குள் கடைசிப் பையன் பிறந்துவிட்டான். அவனை எழுதி ஏற்றுவதற்குத் தோட்டத்து ஆபீஸில் பிறப்புப் பதிவு வாங்கி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு அலைந்தோம். பால்குடி மறக்காத பிள்ளை எந்த நாட்டுக்காரன் என்று மேசைக்கு மேசை கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை, வீட்டுக்காரர்தான் சொன்னார்.

நாள் குறித்து வந்ததும் தோட்டத்தில் பேர் வெட்டினார்கள். செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேட்டில் பேர் வெட்டினால் வேலை இல்லை, பங்கரிசி இல்லை, காம்பராவையும் விட்டுவிட வேண்டும். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கணக்குத் தீர்ந்து கைக்கு வந்த பின் காகிதத்தில் ஏதாவது இடக்காகி, கப்பல் தேதி தள்ளிப்போன குடும்பங்கள் இரண்டு பக்கமும் இல்லாமல் அடுத்தவர் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், படுத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளோடு வீடு மாறுகிறவர்களுக்கு வாசலில் நிற்கிற அந்த இடைவெளிதான் பெரிய ஆபத்து என்று இன்றைக்கும் நினைக்கிறேன். போய்ச் சேர்ந்த இடத்தில் எத்தனை கஷ்டம் இருந்தாலும் அது ஒரு இடம்.

தேயிலைப் பெட்டிகள் இரண்டில் சாமான்களை அடைத்தோம். பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டியிருக்கும், மழை பெய்தாலும் துணி நனையாது. பாத்திரம், கம்பளி, சாமி படம், கொழுந்துக் கூடைக்குத் தலையில் போடுகிற கயிறு. அந்தக் கயிற்றை ஏன் எடுத்தேன் என்றால், போகிற இடத்தில் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். எட்டு வயது மகள் தன் பள்ளிக்கூடத்துச் சிலேட்டை எடுத்துக்கொண்டாள். ஐந்து வயதுப் பையன் சேவலைக் கொண்டுபோக முடியாது என்று சொன்னதும் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, “நான் வந்து வாங்கிக்கிறேன்” என்றான்.

1976-இல் கிளம்பினோம். ஹட்டன் ஸ்டேஷனில் தோட்டமே கூடியிருந்தது. கோச்சி வந்து நின்றதும் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள். கோச்சியில் போகப்போகிறோம் என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் இருந்த பையன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “யாரும்மா செத்துட்டா?” என்று கேட்டான். அவன் ஒப்பாரி கேட்டதெல்லாம் சாவு வீட்டில்தான்.

தலைமன்னாரில் பெட்டிகளைக் கொட்டிக் கவிழ்த்துச் சோதித்தார்கள். எட்டு வயதுப் பெண்ணின் காதுத் தோட்டைத் திருகிக் கழற்றி எடை பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார்கள். அவளுக்கு அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை. எனக்குக் கை நடுங்கிற்று. கப்பல் ஏறி, கரை மறைந்த பிறகுதான் போட்டுவிட்டேன். ‘இராமானுஜம்’ கப்பலில் ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு அம்மையோ காலராவோ இருக்கிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்து அனுப்பிய முகாம் அது. என் தாத்தா அந்த வழியாகத்தான் போனார். போகும்போது அவர் இருந்த மண்ணிலேயே வரும்போது என் பிள்ளைகள் படுத்தார்கள்.

முகாமில் முதல் ராத்திரி சின்னவன் விடாமல் அழுதான். மணலும் புழுக்கமும் கொசுவும் அவனுக்குப் புதுசு. கம்பளி போர்த்தித் தூங்கிப் பழகிய பிள்ளைகள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஒன்று செய்தேன். காம்பராவில் எப்படிப் படுப்போமோ அதே வரிசையில் பாயை விரித்தேன். சுவரோரம் அவங்க அப்பா, பக்கத்தில் பெரிய பையன், பிறகு மகள், கடைசியில் கைக்குழந்தையோடு நான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு விளக்கு, அதன் முன்னால் சிலேட்டு, பிறகு சாப்பாடு. முசிறியிலும் அந்த வரிசைதான், பின்னாடி நீலகிரியிலும் அதுதான். நாடு, வீடு, சொந்தம் என்று பெரியவர்கள் பேசுகிறது எதுவும் பிள்ளைகளுக்கு எட்டாது. ராத்திரி கையை நீட்டினால் யார் தட்டுப்படுவார்கள் என்பது எட்டும்.

முகாமிலிருந்து முசிறிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனோம். அங்கே நாங்கள் அதிக காலம் இருக்கவில்லை. பங்காளிகள் முதல் வாரம் இலை போட்டுச் சோறு போட்டார்கள். பிறகு, எங்கள் பங்கு நிலத்தைக் கேட்க வந்திருக்கிறோமோ என்று முகம் மாறிப்போனது. பள்ளிக்கூடத்தில் மகள் ரொட்டியைப் ‘பாண்’ என்றதற்கும் ரயிலைக் ‘கோச்சி’ என்றதற்கும் சிரித்தார்கள். மூன்றாம் வகுப்புப் படித்தவளை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். அவள் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். வீட்டில் கூடத் தலையை ஆட்டித்தான் பதில். வந்ததிலேயே எனக்குப் பயம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

நீலகிரியில் தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம், நாங்கள் வந்த 1976-இல்தான் கழகமாக மாறியிருந்தது. பந்தலூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. பஸ் மேலே ஏற ஏறக் குளிர் அடித்தது. விடியற்காலை இறங்கியபோது பனி, சரிவெல்லாம் தேயிலை, எதிரே வரிசை வீடு. பெரிய பையன் என் கையை உதறிவிட்டு ஓடினான். ஒவ்வொரு கதவாக நின்று பார்த்துக்கொண்டே கோடி வரைக்கும் போனான். திரும்பி வந்து, “பெரியப்பா வூடு எந்தப் பக்கம்மா?” என்றான். வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறான். அவங்க அப்பா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றார். ரொம்ப நேரம் இறக்கிவிடவில்லை.

வேலை கடுமை. காடு வெட்டின இடத்தில் குழி எடுத்துக் கன்று நட வேண்டும். தென்மேற்கு மழை இடைவிடாமல் ஊற்றும், காலெல்லாம் அட்டை. ராத்திரியில் யானை வரும். புதுக் கன்று கொழுந்துக்கு வர வருஷங்கள் ஆகும் என்பதால் கூடைக் கயிறு வெகு காலம் ஆணியில் தொங்கியது. ஆனால் சுற்றியிருந்த அத்தனை குடும்பமும் எங்களைப் போல வந்தவர்கள். ஒரு வீடு நானுஓயா, ஒரு வீடு பதுளை. ‘பாண்’ என்றால் சிரிக்க அங்கே ஆள் இல்லை. மகள் பேச ஆரம்பித்தாள். முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு, பிறகு எங்களோடு.

என் அப்பா அம்மாவும் இந்தியாவுக்குத்தான் எழுதியிருந்தார்கள். பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டார்கள். முறை வருவதற்குள் 1983 கலவரம், அடுத்த வருஷம் கப்பலும் நின்றுவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இலங்கையிலேயே இருந்து அப்பா செத்துப்போனார். அப்படி நின்றுபோனவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-இல் வந்தது. அம்மாவுக்கு அது கிடைத்தது. அப்பா முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது ஹட்டன் ஸ்டேஷனில்.

இப்போது பேத்திக்குக் கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மகள் பிறந்த இடம் நுவரெலியா மாவட்டம் என்று இருப்பதால் தாத்தாவின் காகிதத்தைக் கொண்டு வா, அவருடைய அப்பாவின் காகிதத்தைக் கொண்டு வா என்கிறார்கள். தோட்டத்தில் ஓய்வு பெற்றால் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது இங்கேயும் விதி. நான் ஓய்வு பெற்றாயிற்று, வீட்டுக்காரரும் போய்விட்டார். மகனின் வேலையில்தான் இந்த வீடு எங்களிடம் இருக்கிறது. அவனும் திருப்பூர்ப் பக்கம் போய்விடலாமா என்கிறான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். அதனால் எங்கள் வரிசையில் இருக்கிற பெண்கள் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். வீடு கட்டிக்கொள்ள மனையும் அதற்குப் பட்டாவும் வேண்டும். பட்டாவில் பிள்ளைகளின் பெயரையும் எழுத வேண்டும் என்று நான்தான் சேர்க்கச் சொன்னேன்.