முன்னாடி பிராங் பெசார்

காலை நிகழ்ச்சிக்கு நேயர் யாராவது அழைத்தால் நான் கேட்பது இரண்டே கேள்விகள். யார் பேசுறீங்க? எங்கிருந்து பேசுறீங்க? இளையவர்கள் தாமான் பெயரைச் சொன்ன கையோடு பாட்டைக் கேட்டுவிடுவார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் அவ்வளவு சுலபத்தில் விடமாட்டார்கள். “பூச்சோங்ல இருந்து பேசுறேன் தம்பி... முன்னாடி தோட்டத்துல இருந்தோம்” என்று ஆரம்பித்து, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருஷம் வெளியே வந்தார்கள் என்பதுவரை சொல்லி முடித்த பிறகுதான் பாட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் விரலைச் சுழற்றிக்கொண்டிருப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இடைமறித்துவிடுவேன். இப்போது அந்த இருபது விநாடியை விட்டுக்கொடுக்கிறேன். அதற்குக் காரணம் என் அத்தை.

அத்தை வானொலிக்கு அழைத்ததே இல்லை. அழைத்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். “டெங்கில். முன்னாடி பிராங் பெசார்.”

பிராங் பெசார் என்ற பெயரை இளம் வாசகர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அங்கே போயிருப்பீர்கள். ஏதாவது ஓர் அமைச்சில் மனுக் கொடுக்கவோ, பிள்ளைகளை ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டவிடவோ போயிருப்பீர்கள். இன்றைய புத்ராஜெயாதான் அது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ்காரர்கள் 1921-இல் அங்கே 800 ஏக்கரில் கித்தாத் தோட்டம் திறந்தார்கள். தாங்கள் பார்த்துவிட்டு வந்த பெரும் போரின் பெயரையே மலாயில் அதற்கு வைத்தார்கள். பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்து பிற்பாடு அது 8,000 ஏக்கராக விரிந்தது. 1995-இல் புதிய நிர்வாகத் தலைநகரின் கட்டுமானம் தொடங்கியது. பிராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மெடிங்லி என்ற நான்கு தோட்டங்களின் மக்கள் வெளியேறினார்கள். சுமார் 400 குடும்பங்கள். அதில் ஒன்று அத்தையுடையது.

இது புத்ராஜெயாவில் மட்டும் நடந்ததல்ல. சுபாங் ஜெயா நிற்பது சீபீல்டு தோட்டத்தில். எல்மினா தோட்டத்தின் பெயரை ஒரு நகரியமே சூட்டிக்கொண்டிருக்கிறது. துரைகள் வைத்த பெயர் வீட்டு விளம்பரத்துக்கு நன்றாக எடுபடுகிறது போலும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அத்தையைப் பார்க்கப் போனேன். புத்ராஜெயாவுக்கு மட்டும் போகிறவர்களுக்கு எம்.ஆர்.டி. வசதி. 2023 மார்ச்சில் முழுமையாகத் திறக்கப்பட்ட பாதை, குவாசா டாமன்சாராவிலிருந்து புத்ராஜெயா சென்ட்ரல் வரை 57.7 கிலோமீட்டர். டெங்கிலுக்கு அந்த ரயில் போகாது, கார்தான். சைபர்ஜெயாவின் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சடக்கு குறுகுகிறது. லங்காட் ஆறு, பழைய ஈயக் குட்டைகள், மண் லாரிகள், பிறகு ஒரு சின்னப் பட்டணம். பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தால் உயர்ந்த கட்டடங்கள் இன்னும் தெரிகின்றன.

தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி ஐந்து மாடி. மின்தூக்கி இல்லை. அத்தை இருப்பது நான்காவது மாடியில். இரண்டாம் மாடிப் படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது, யாரும் எடுப்பதும் இல்லை. மார்க்கெட் பையோடு ஏறும் வயதானவர்கள் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு எழுந்து போகிறார்கள். முப்பத்தைந்து வயதில் நானும் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நடைபாதை நெடுகச் சாயத் தகரங்களில் கறிவேப்பிலை, கற்பூரவல்லி, பச்சை மிளகாய். தோட்டத்து வீட்டு வாசலில் இருந்த காய்கறிக் கொல்லையும் கோழிக்கூடும் இப்படிச் சுருங்கி வந்திருக்கின்றன. “தரை வீடு கிடைக்கும்னு நம்பித்தான் வந்தோம்” என்றார் அத்தை. அந்தக் கோரிக்கை எத்தனையோ தேர்தல்களைப் பார்த்துவிட்டது. அதைக் கோபமாக அவர் சொல்வதில்லை, மழை பெய்யும் போலிருக்கு என்பதுபோலச் சொல்கிறார்.

மாமா இறந்தது இந்த வீட்டில்தான். தோட்டமாக இருந்தால் பெட்டி வாசலில் இருந்திருக்கும், லயம் முழுக்க வேலைக்குப் போயிருக்காது. இங்கே நான்கு மாடி இறக்க வேண்டியிருந்தது. படிக்கட்டு திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் பெட்டியைச் செங்குத்தாகச் சாய்த்தார்கள். அத்தை அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார்.

தோட்டம் சொர்க்கம் என்று நான் எழுதப்போவதில்லை. அப்படி எழுதுகிறவர்கள் விடியுமுன் இருட்டில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்ததையும், அட்டைக்கடியையும், மழை பெய்தால் வெட்டில்லாமல் போன கூலியையும் மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வீடு அவர்களுடையதல்ல. அது வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் குடியிருந்தாலும் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதனால்தான் நிலம் கைமாறியபோது பேரம் பேச அவர்களிடம் ஒன்றுமில்லை.

அத்தையின் மகன் புல்வெட்டும் குத்தகையாளரிடம் வேலை செய்கிறார், அதுவும் புத்ராஜெயாவில். பேத்தி ஓர் அமைச்சில் அதிகாரி. மைவி காரில் வேலைக்குப் போய்வருகிறாள். “தோட்டத்துல இருந்திருந்தா நான் படிச்சிருப்பேனா?” என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. படித்திருக்கலாம். படிக்காமலும் போயிருக்கலாம்.

பசியாறி முடித்ததும், “தம்பி, கார் இருக்கில்ல, அந்தப் பக்கம் ஒரு சுத்து போயிட்டு வருவமா?” என்றார் அத்தை. பேத்தியிடம் எத்தனையோ முறை கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் இருக்கும் இடத்துக்கே போவானேன் என்று அவள் தட்டிக்கழித்துவிடுவாளாம்.

புத்ராஜெயாவில் அத்தை வழி தேடியது பெயர்ப்பலகையைப் பார்த்து அல்ல, மேடு பள்ளத்தைப் பார்த்து. “இந்த ஏத்தத்துல சைக்கிள் மிதிக்க முடியாது, தள்ளிக்கிட்டுத்தான் போவோம்.” ஒரு வளைவில் நிறுத்தச் சொன்னார். பால் கொட்டாய் இங்கேதான் இருந்தது என்றார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வளைவிலும் அதையே சொன்னார். பிறகு சிரித்துவிட்டார். ஏரி வந்ததும்தான் அமைதியானார். ஆற்றை அணை கட்டித் தேக்கி உருவாக்கிய ஏரி அது. மேட்டை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிறவருக்குப் பள்ளமெல்லாம் தண்ணீராகிவிட்டால் கணக்கு எங்கே ஒத்துவரும்?

வெயில் ஏறிவிட்டது. பிரசிண்ட் 16-இல் வேளாண் பாரம்பரியப் பூங்கா ஒன்று இருக்கிறது. பழமரங்கள், மூலிகைகள், செம்பனை, கொக்கோ எல்லாம் சுற்றிப் பார்க்கலாம். குடும்பத்தோடு போகத் தோதான இடம். நிழலாக இருக்குமே என்றுதான் அத்தையை அங்கே அழைத்துப் போனேன். கித்தா மரங்களும் இருக்கும் என்பது என் நினைவில் இல்லை.

வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்ததும் அத்தை கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனார். காலையில் யாரோ வெட்டியிருந்தார்கள். மங்கில் கொஞ்சம் பால் தேங்கியிருந்தது. அத்தை குனிந்து, வெட்டின் மேல்முனையில் விரலை வைத்து இடமிருந்து வலமாகச் சரிவு நெடுக இழுத்துப் பார்த்தார். பட்டையில் அரிசி கனத்துக்குமேல் சீவக்கூடாது. கொஞ்சம் ஆழமாகப் போனால் உளி மரத்தைத் தொட்டுவிடும், புண் ஆறி வரும் பட்டை முடிச்சு முடிச்சாக இருக்கும், அடுத்த சுற்றில் அங்கே வெட்டவே முடியாது. மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. பதினான்கு வயதில் இதைப் படித்துக்கொண்டவர் அத்தை. நான் ஊடகத்துறையில் பட்டம் வாங்க எடுத்துக்கொண்ட காலத்தைவிட, பழைய பட்டையில் புதுப் பட்டை வளர்வதைப் பார்த்து அவர் காத்திருந்த காலம் அதிகம்.

அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று பார்த்துக்கொண்டே போனார்.

“இது பழகுன கை” என்றார். “பாரு, எங்கேயும் காயமே இல்ல. தோட்டத்துக்காரங்கதான் வெட்டியிருக்காங்க.”

யார் என்று கேட்க அருகில் ஆள் யாரும் இல்லை. காலை வெட்டு முடிந்து போய்விட்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்த விஷயத்தை அவரிடம் சொன்னேன். பிராங் பெசார் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டிப் பரப்பிய கித்தா இனங்கள் உலகத்துக் கித்தாக்காரர்களிடம் பெயர்பெற்றவை. பி.பி. 86, பி.பி. 260 என்று எண்கள். இலங்கையிலும் கேரளத்திலும் பி.பி. 86 பரவலாக நடப்பட்டது. அந்த ‘பி.பி.’ என்பது பிராங் பெசார்தான்.

அத்தை கொஞ்சம் நேரம் ஒன்றும் பேசவில்லை.

“கிராணி நம்பர் சொல்வாரு, இது எண்பத்தாறு நிரை, அங்க போன்னு. பி.பி.ன்னா என்னான்னு ஒருத்தரும் சொன்னதில்லையே” என்றார். பிறகு, “அங்கெல்லாம் இன்னும் வெட்டுறாங்களா?” என்று கேட்டார்.

சில இடங்களில் வெட்டுவார்கள் என்று சொன்னேன். மரம் முப்பது வருஷத்துக்குமேல் தாங்காதே, மறுநடவு செய்திருப்பார்களே என்று அவரே திருத்தினார். இந்த மரங்கள் என்ன இனம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும்போது டெங்கில் கடையில் ரொட்டியும் ஒரு பாக்கெட் பாலும் வாங்கினோம். நான் தூக்கிவருகிறேன் என்றாலும் விடவில்லை, பால் பாக்கெட்டை அவரே வைத்துக்கொண்டார். இரண்டாம் மாடி நாற்காலியில் பக்கத்து பிளாக் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலவே தோட்டத்துக்காரர். அத்தையைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார்.

“எங்க போயிட்டு வர்றீங்க?” என்று கேட்டார் பாட்டி.

“வீட்டுப் பக்கம்” என்றார் அத்தை.