ஏலகிரியில் ஒரு துணி வீடு

அரையாண்டு விடுமுறைக்கு எங்கே போவது என்று எங்கள் வீட்டில் மகாநாடு கூடியது. "ஹோட்டல் வேண்டாம், கூடாரம் அடித்துத் தங்கலாம்" என்று பையன் தீர்மானம் கொண்டு வந்தான். பெண் ஆமோதித்தாள். தலைமை வகித்த என் கணவர், தீர்மானம் நிறைவேறியதாக உடனே அறிவித்துவிட்டார். அதுவரை வாய் திறக்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார், "அதிலே நான் எங்கேடா படுக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அந்தக் கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. என் கணவர் கைப்பேசியில் படம் பார்த்து, 'நாலு பேர் கூடாரம்' ஒன்றுக்குப் பணம் கட்ட இருந்தார். "குழந்தைகள் இரண்டும் சேர்ந்து ஓர் ஆள்தானே?" என்பது அவருடைய கணக்கு. நான் இஞ்சு டேப்பை எடுத்துக் கூடத்தில் ஏழடிக்கு எட்டடி அளந்து, சாக்கட்டியால் கோடு போட்டேன். அந்தக் கூடாரத்தின் தரை அவ்வளவுதான். ஐந்து பேரும் உள்ளே படுத்துப் பார்த்தோம். மாமியாரின் கால் கோட்டுக்கு வெளியே. பெட்டி வைக்க இடமே இல்லை. சகோதரிகளே, கூடாரக்காரர்கள் சொல்லும் கணக்கு, தலைக்கு இரண்டடி அகலம் வைத்து, மனிதரை மீன் போல அடுக்கிய கணக்கு. நாலு பேர் என்றால் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆறு பேர் கூடாரம் வாங்கினோம்.

கடையில் இருந்த பையன் துணியின் பெருமைகளைச் சொன்னான். மழை தாங்கும் சக்தியை மில்லிமீட்டரில் குறித்திருப்பார்களாம். 2000 என்றால், இரண்டு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்று அர்த்தம். எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது, தையல் மேல் உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர் புகுவது பெரும்பாலும் ஊசித் துளை வழியாகத்தான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். ஆனால் என்னுடைய பரீட்சை வேறு. உள்ளே போய், நிமிர்ந்து நின்று, கொசுவம் வைத்துப் புடவை கட்ட முடிகிறதா என்று பார்த்தேன். முடிந்தது. "இதையே போடுங்கள்" என்றேன். பெண்களுக்கென்று இந்தப் பரீட்சையை யாரும் எழுதி வைக்கவில்லை!

புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒத்திகை. சிமெண்டுத் தரையில் முளை இறங்குமா? கயிறுகளைத் தண்ணீர்த் தொட்டியிலும் செங்கற்களிலும் கட்டினோம். முதல் தடவை ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. உள்துணியை வெளியிலும் வெளித்துணியை உள்ளேயும் மாட்டிவிட்டிருந்தோம். இரண்டாவது தடவை இருபது நிமிஷம். அந்த முதல் ஒன்றேகால் மணியை மலையில் இருட்டிலே கழித்திருந்தால், தம்பதிக்குள் பேச்சு வார்த்தை நின்றிருக்கும்.

மூட்டை கட்டுவதில் எனக்கும் மாமியாருக்கும் சிறு தகராறு. நான் கம்பளி அடுக்கினேன். அவர் பாயும் ஜமக்காளமும் எடுத்து வைத்தார். "குளிர் தரையிலிருந்துதான் ஏறும்" என்றார். அவர் சொன்னது சரிதான். மேலே எத்தனை போர்த்தினாலும், கீழே மெத்தென்று ஒன்று இல்லாவிட்டால் உடம்புச் சூட்டை மண் இழுத்துக்கொள்ளும். கடைசி நிமிஷத்தில் ஒரு விளக்குமாற்றையும் செருகினார். நான் சிரித்தேன். மலையில் ஒரு நாளைக்கு ஆறு தடவை அதைத் தேடினவள் நானேதான்.

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயில்; அங்கிருந்து வாடகைக் காரில் மலைப்பாதை. பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்களின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே குழந்தைகள் ஏறினார்கள். ஏலகிரி ஆயிரம் மீட்டருக்குச் சற்றே அதிக உயரம். ஊட்டியைப் போல் ஆடம்பரமில்லை. புங்கனூர் ஏரியும், கொய்யாவும் பலாவும் நிற்கும் தோட்டங்களும்தான். காட்டு இலாகா நிலத்தில் அனுமதியின்றித் தங்கக் கூடாது. ஆகையால் தெரிந்தவர் மூலம் ஒரு தனியார் தோட்டத்தில் கேட்டு வைத்திருந்தோம். மேடான இடமாகப் பார்த்து, முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்த்து அடித்தோம். கீழே விரித்த பிளாஸ்டிக் படுதாவின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தோட்டக்காரப் பெரியவர் அதைக் காலால் உள்ளே தள்ளி, "நீட்டி விட்டா மழைத் தண்ணி எல்லாம் இது மேல விழுந்து அடியிலே போயிடும்" என்றார்.

மாலையில் குமுட்டி அடுப்பில் சோளக்கதிர் சுட்டுத் தின்றோம். இரவு பத்து மணிக்குக் குளிர் பிடித்துக்கொண்டது. ஓடியாடி வேர்த்த சட்டையோடு படுத்த பெண்ணுக்குப் பல் கிட்டியது. குமுட்டியில் தணல் இன்னும் இருந்தது. "உள்ளே கொண்டு வந்து வை. பிள்ளை பெற்ற அறையில் வைப்போமே, அந்த மாதிரி" என்றார் மாமியார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. துணியைச் சுற்றிக் குமுட்டியைத் தூக்கிவிட்டேன்.

"அம்மா! வெச்சிடுங்க, கீழே வெச்சிடுங்க!" என்று பெரியவர் ஓடி வந்தார்.

புகைதான் இல்லையே என்றேன். புகை இல்லாததுதான் மோசம் என்றார் அவர். அவர் சொன்னது முழுக்க உண்மை. கரித் தணலிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு வருகிறது. நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். வட இந்தியாவில் குளிர் காலத்தில், மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கிய குடும்பங்களைப் பற்றிப் பத்திரிகையில் நானே படித்திருக்கிறேன். கூடாரம் அறையைவிடச் சின்னது. காஸ் அடுப்பானாலும் உள்ளே கூடாது. கையில் குமுட்டியோடு நின்ற அந்த நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பெண்ணின் ஈரச் சட்டையை மாற்றி, காலுறை போட்டு, ஜமக்காளத்தை நாலாக மடித்து அடியில் கொடுத்தோம். வெளியே வெந்நீர் வைத்து, எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி மூடி, துண்டில் சுற்றி அவள் காலடியில் வைத்தேன். கால் மணியில் தூங்கிவிட்டாள். நான்தான் விடிய விடிய அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் மாமியார் நெற்றியில் சொட்டுத் தண்ணீர். "கூடாரம் ஒழுகுகிறதடா!" என்றார். வெளியே மழையே இல்லை. குளிருக்குப் பயந்து ஜன்னல் வலைகளையெல்லாம் மூடிவிட்டோம். ஐந்து பேருடைய மூச்சுக் காற்றுதான் குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகியிருந்தது. மறுநாள் இரவு மேல் ஜன்னல்களைத் திறந்து வைத்தோம், சொட்டுவது நின்றது.

ஊர் திரும்பியதும் கூடாரத்தை மறுபடி மொட்டை மாடியில் விரித்தோம். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பூத்துவிடும். ஒரே நாளில் நன்றாகக் காய்ந்தும் விட்டது. மடிக்கலாம் என்று மூன்றாம் நாள் மாலை போனால், மாமியார் உள்ளே பாய் போட்டுப் படுத்துத் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இரண்டு நாள் காயட்டும்" என்றார்.