வளவுப் புல்லும் வெட்டும் யந்திரமும்

ஐப்பசியில் தொடங்கிய மாரி தை மாதத்தில் ஓயும்போது, பூநகரியிலுள்ள நமது வளவு வளவாக இராது. புற்காடாகவே காட்சி தரும். கோடையிலே கால் சுடும் மணலாய்க் கிடந்த இடம் இதுதானோ என்று ஐயுறும்படி, அறுகும் கோரையும் நெருஞ்சியும் ஒன்றோடொன்று போட்டியிட்டு எழுந்துவிடும். கண்ணுக்கு அழகுதான். ஆனால் கிணற்றடிக்குச் செல்லும் வழி முழங்காலளவு புல்லில் மறைந்தபின், எழுபத்தாறு வயதான அன்னையார் விடியற் கருக்கலில் அவ்வழியே நடப்பதை எண்ணினால், அழகை நுகரும் மனம் இருப்பதில்லை. புடையன் பாம்புக்கு மறைந்திருக்க அதைவிட நல்ல இடம் வேண்டுமா?

முன்னாளில் இக்கவலை நமக்கு இருந்ததில்லை. அயலிலுள்ள ஆச்சி ஒருவர் உழவாரமும் கடகமுமாக வருவார். குந்தியிருந்து செதுக்குவார். செதுக்கிய புல்லைத் தம்முடைய பசுக்கள் இரண்டுக்கும் கொண்டு போவார். நாம் கூலி கொடுத்ததுமில்லை. அவர் புல்லுக்கு விலை தந்ததுமில்லை. திருநாவுக்கரசு நாயனார் கோயில் முற்றங்களைத் திருத்தக் கைக்கொண்ட அதே கருவி, அதே பெயரோடு இன்றும் நம்மூர் வீட்டு இறப்புகளிற் செருகப்பட்டிருக்கிறது. ஆனால் கருவி இருந்தென்ன? சென்ற மாரியோடு ஆச்சியின் முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன.

இச்செய்தி ரொறொன்ரோவிலிருக்கும் மைத்துனருக்கு எட்டியது. “அத்தான், ஒரு மெசினை வாங்குங்கோவன். காசை நான் அனுப்பிறன்” என்றார். காசு அனுப்புவார் சொல்லைத் தட்டுதல் நமது நாட்டு வழக்கம் அன்று. 2011-ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணப் பட்டினமும் நமக்கு அண்மையதாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை அங்கே சென்றோம். கடைக்காரர் முதற் கேள்வியாக, “எத்தனை குதிரைவலு வேணும், சேர்?” என்றார். புல்லின் வலு நமக்குத் தெரியும். குதிரையின் வலு தெரியாது. ஆகவே விளம்பரத் தாள்களை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

பின்தொடர்ந்து நடந்து தள்ளும் புல்வெட்டிகளில் இரு பெருஞ்சாதிகள் உண்டு. மூத்தது உருளைச் சாதி. இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆலையிலே கம்பளித் துணியின் மேல் எழும்பி நிற்கும் மயிரை ஒட்டக் கத்தரிக்கும் பொறியைக் கண்டவர், துணியைக் கத்தரிப்பது புல்லைக் கத்தரிக்காதா என்று சிந்தித்தார். உருளையிலே சுருளாகப் பொருத்திய அலகுகள் சுழன்று, கீழே அசையாதிருக்கும் ஓர் அலகோடு உரசும். இடையில் அகப்பட்ட புல் கத்தரிக்கோலில் அகப்பட்ட நூல்போல அறும். எண்ணெயும் வேண்டாம், இரைச்சலுமில்லை. குறை என்னவெனில், மூன்று அங்குலத்துக்கு மேல் வளர்ந்த புல் அதன்முன் வளைந்து கொடுத்துப் பின்னர் நிமிர்ந்துவிடும். தென்னோலை ஈர்க்கு ஒன்று, குரும்பட்டி ஒன்று போதும், உருளை இறுகி நின்றுவிடும்.

இளையது சுழல் அலகுச் சாதி. அது பரவியதில் அவுஸ்திரேலியாவுக்குப் பெரும் பங்குண்டு. சிட்னி நகரில் ரிச்சார்ட்சன் என்பவர் 1952-இல் தமது வீட்டுக் கொட்டகையிலே ஆக்கிய முதற் பொறியின் எரிபொருட் கலம், பீச்சுப் பழம் அடைத்து விற்ற வெறுந் தகரப் பேணியாம். விக்டா என்ற பெயரில் அது உலகறிந்த பொருளாயிற்று. இவ்வகையிலே அலகு தரைக்கு மேலே கிடையாக நின்று சுழலும். உரசிக் கத்தரிப்பதன்று, வாள்போல வீசி அறுப்பது. உயர்ந்த புல்லானாலென்ன, முரட்டுக் கோரையானாலென்ன, அதற்குத் தடையில்லை. நமது மனம் இதன்பாலே சாய்ந்தது. மணலிற் புதையாதபடி பின்சக்கரங்கள் பெரிதாக அமைந்த ஒன்றைத் தாளிலே அடையாளமும் இட்டு வைத்தோம். மின் கம்பி இழுத்து ஓட்டுவதையும் மின்கலத்தால் ஓடுவதையும் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. முன்னதன் கம்பி வேலிவரை எட்டாது. பின்னதன் விலை நமக்கு எட்டாது.

இது நிற்க. நாம் கல்லூரியிற் கணிதம் கற்பிப்பவர். மனத்தில் உழல்வது கரும்பலகைக்கு வருவது இயல்பன்றோ? பத்தாம் வகுப்பு மாணவருக்கு ஒரு கணக்குக் கொடுத்தோம். நுனிக்கு நுனி 18 அங்குலம் நீளமான அலகு நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கின்றது. அலகு நுனியின் வேகம் யாது? ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.44 மீற்றர், நிமிடத்துக்கு 4.3 கிலோமீற்றர், மணிக்கு 258 கிலோமீற்றர். “சேர், கொழும்புக்கு ஒண்டரை மணித்தியாலத்தில போயிடலாம்” என்றான் ஒருவன். வகுப்புச் சிரித்தது. அப்போது கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “அது ஒரு இரும்புத் துண்டில பட்டா என்ன நடக்கும், சேர்?” என்று வினவினாள். சிரிப்பு அடங்கிற்று. எந்த இரும்பு என்று அவளிடம் எவரும் கேட்கவில்லை.

1993, 2008 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதங்களிற் சமர் நடந்த மண் இது. நாம் 2010-இல் மீளக்குடியேறு முன்னரே கண்ணிவெடி அகற்றுவோர் நமது வளவைச் சோதித்து ஒப்படைத்திருந்தனர். ஆயினும் வெடி இல்லாத மண் இரும்பு இல்லாத மண் ஆகாது. ஒவ்வொரு மாரியும் மழை மணலைக் கழுவி, எறிகணைச் சிதறல் ஒன்றையேனும் மேலே கொண்டுவந்து காட்டத் தவறுவதில்லை. அதனை மணிக்கு 258 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் அலகொன்று தட்டியெறிந்தால், திண்ணையிலிருந்து வெற்றிலை இடிக்கும் அன்னையார் எத்தனை அடி தூரத்திலிருக்கிறார் என்று அன்று மாலை அளந்து பார்த்தோம். முப்பத்திரண்டு அடி.

நம்மிடம் படித்த பெண்ணொருத்தி இப்போது கண்ணிவெடி அகற்றும் பணியில் இருக்கின்றாள். இலங்கை 2017 டிசம்பரிலே கண்ணிவெடித் தடைப் பொருத்தனையிற் சேர்ந்தது. வன்னியில் அவ்வேலை இன்னும் முடிந்தபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம் யந்திரத்தைப் பற்றிக் கேட்டோம். புல் வெட்டுவதில் அவளைவிடத் தேர்ந்தவர் யார்? முகமறைப்பும் காப்பங்கியும் அணிந்து, முழந்தாளிட்டு, கைக்கத்தரியாற் புல்லைச் சிறிது சிறிதாக நறுக்கி, நிலம் கண்ணுக்குத் தெரிந்த பின்னரே மண்ணைத் தொடுவது அவள் தொழில். ஒரு பகல் முழுதும் உழைத்துச் சில சதுர மீற்றரே முன்னேறும் நாட்களும் உண்டாம். தேநீரை அருந்திவிட்டு அவள் சொன்னாள்: “நிலத்தைக் காணாமல் புல்லை வெட்டக் கூடாது, சேர். முதல் தரம் கையால வெட்டுங்கோ. நிலத்தை வடிவாப் பாருங்கோ. பிறகு மெசினை விடுங்கோ. தெரியாத சாமான் ஏதும் கண்டா, கை வைக்காமல் எங்களுக்கோ பொலிசுக்கோ சொல்லிப்போடுங்கோ.”

அவள் போனபின் விளம்பரத் தாள்களை மறுபடியும் எடுத்தோம். முன்னர் குறையென்று ஒதுக்கிய ஒன்று இப்போது குணமாகத் தோன்றிற்று. சுழல் அலகு தடையைக் கண்டால் அடித்து எறியும். உருளை தடையைக் கண்டால் நிற்கும். அலகு மழுங்கலாம், ஆனால் தள்ளுகின்ற கைக்கு உடனே செய்தி வரும். பெற்றோலையும் நினைத்தோம். நமது புல்லுக்கு ஆண்டில் நான்கு மாதமே வாழ்வு. எஞ்சிய எட்டு மாதமும் சும்மா கிடக்கும் யந்திரத்தின் வயிற்றிற் பெற்றோல் பிசினாய் உறையும். கடற்காற்று அதன் இரும்பைத் தின்னும். 2022-இல் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்று மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வாரத்துக்கென அளந்து வாங்கிய பெற்றோலை மறந்தவர் மறக்கட்டும், நாம் மறக்கவில்லை.

மைத்துனருக்குப் பெருங்குறை. “ரொறொன்ரோவில உதை இப்ப ஆர் வைச்சிருக்கினம், அத்தான்?” என்றார். ரொறொன்ரோ வளவில் என்ன கிடக்கும், பூநகரி வளவில் என்ன கிடக்கும் என்பதை அவருக்கு நாம் விளக்கவில்லை. அவரும் இங்கே பிறந்தவரே.

பதினான்கு அங்குல உருளை ஒன்றைக் கொழும்பிலிருந்து தருவித்தோம். எட்டுப் பரப்பு வளவையும் அதனால் வெட்டுதல் பேராசை. படலையிலிருந்து திண்ணைவரையும், திண்ணையிலிருந்து கிணற்றடிவரையும் ஏறக்குறைய இரண்டு பரப்புப் போதுமென முடிவு செய்தோம். மூன்று சனிக்கிழமைகள் இல்லாளும் பிள்ளைகளும் நாமுமாய் அரிவாளினால் அறுத்து, வாரியினால் மெல்ல வாரினோம். ஆணிகள், ஓட்டுத் துண்டுகள், மான் மார்க் குடைக் கம்பி ஒன்று, உள்ளங்கை அகலத்தில் கிழிந்த இரும்பு இரண்டு. அவற்றோடு துருப்பிடித்த பெரிய பூட்டு ஒன்றும் அகப்பட்டது. அது பூட்டியபடியே இருந்தது. பூட்டை அன்னையார் கையில் வாங்கி முந்தானையாற் துடைத்தார். “இது உன்ரை அப்பா பூட்டின பூட்டு” என்றார். 2008-இல் நாம் புறப்பட்ட காலையிலே, கதவைப் பூட்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்த தந்தையார் திரும்பி வரவில்லை. பூட்டு இப்போது சுவாமி அறையில் இருக்கின்றது.

நாலாம் சனிக்கிழமை உருளையைத் தள்ளினோம். தையற்காரன் கத்தரிபோல மெல்லிய ஒலி, பச்சை மணம். மூன்றாம் வரிசையில் “கிறீச்” என்று நின்றது. எல்லாரும் ஓடிவந்தனர். குனிந்து பார்த்தால், ஓர் ஈர்க்கு.

ஒலி கேட்டு ஆச்சியும் தடியூன்றிப் படலைக்கு வந்தார். யந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். கடகத்திற் சேர்த்திருந்த புல்லைக் கையால் அள்ளி முகர்ந்து, “உது மாட்டின்ரை ஒரு வாய்க்குக் காணாது, தம்பி” என்றார். வெட்டாத ஆறு பரப்பையும் காட்டினோம். அன்று பின்னேரமே அவருடைய பேரன் பசுக்கள் இரண்டையும் கொண்டுவந்து பின்வளவிற் கட்டினான். அவற்றுள் சிவலை, முழங்காலளவு புல்லை விட்டுவிட்டுக் கயிறு எட்டிய மட்டும் முன்னே வந்து, நாம் வெட்டிய பகுதியின் ஓரத்தையே கரும்பிக்கொண்டு நின்றது.