எந்த அலை இரண்டு மீட்டர்?

வேளாங்கண்ணிக் கடற்கரையில் விடிவதற்கு முன்பே இரண்டு கூட்டம் சேர்ந்துவிடும். கோயிலுக்கு வந்த இடத்தில் கடலில் கால் நனைக்க வருபவர்கள் ஒரு பக்கம். படகைத் தள்ளக் காத்திருக்கும் மீனவர்கள் இன்னொரு பக்கம். அவர்கள் சூரியனைப் பார்ப்பார்கள். இவர்கள் கடலைப் பார்ப்பார்கள். கொஞ்ச காலமாகக் கைப்பேசியையும் பார்க்கிறார்கள்.

"தாத்தா, இன்னிக்கு அலை ரெண்டு மீட்டர்னு போட்டிருக்கு" என்றான் பேரன்.

படகில் சாய்ந்து நின்ற பெரியவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்த அலைடா ரெண்டு மீட்டர்?"

பையனிடம் பதில் இல்லை. கேலி போலத் தெரிந்தாலும் சரியான கேள்வி அது. அடுத்தடுத்து வரும் இரண்டு அலைகள்கூட ஒரே உயரத்தில் இருப்பதில்லையே!

கைப்பேசிக்கு வரும் அந்த எண், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையத்தின் கணினிக் கணிப்பு. கணிப்பு சரிதானா என்று கடலிலேயே உரசிப் பார்ப்பதற்காகத்தான் மிதவைகள் இருக்கின்றன. புதுச்சேரிக்கு அப்பால் அப்படி ஒன்று உண்டு. ஒரு மீட்டருக்கும் குறைந்த குறுக்களவில் மஞ்சள் உருண்டை. கடலடியில் நங்கூரம், நடுவில் நீண்டு சுருங்கும் ரப்பர் கயிறு. வெறும் கயிறு என்றால் மிதவையைப் பிடித்து இழுத்துவிடும். ரப்பர் இருப்பதால் அது அலையோடு தாராளமாக ஏறி இறங்குகிறது.

லிஃப்ட் சட்டென்று மேலே கிளம்பும்போது உடம்பு கனப்பதை நாம் உணர்கிறோம் அல்லவா? மிதவைக்குள் இருக்கும் கருவி அதைத்தான் உணர்கிறது, ஒவ்வொரு நொடியும் விடாமல். அதைக் கொண்டு எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று கணக்குப் போட்டுவிடலாம். பக்கவாட்டில் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்பதிலிருந்து அலை வரும் திசையும் தெரிந்துவிடும்.

இப்படி அரை மணி நேரம் வந்த அலைகளை உயர வரிசையில் நிறுத்தி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் வருவதுதான் 'அலை உயரம்'. இரண்டாம் உலகப் போரின்போது, படைகள் கரையிறங்கத் தோதான நாள் பார்ப்பதற்காக ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கொண்டுவந்த கணக்கு இது. பழகிய கடலோடி ஒருவர் கண்ணால் பார்த்து மதிப்பிடும் உயரத்தோடு இது ஏறக்குறைய ஒத்துப்போகும். பெரியவரின் கண்ணுக்கு விஞ்ஞானம் கொடுத்த மரியாதை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அது சராசரி. இரண்டு மீட்டர் என்று அறிவித்த கடலில் எப்போதாவது ஓர் அலை நான்கு மீட்டரை நெருங்கி எழும்பும். சின்னப் படகைக் கவிழ்க்க அந்த ஒன்று போதும். அறிவிப்புகளில் இந்த ஒரு வரியையும் சேர்த்துப் போட்டால் என்ன?

2004 டிசம்பர் 26 காலையில் இந்த மிதவை இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி ஆறரை மணிக்கு. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் அலை இங்கே வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கரை முழுக்க யாத்ரீகர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே அலை நடுக்கடலில் சுமார் 60 சென்டிமீட்டர்தான் உயர்ந்திருந்ததைச் செயற்கைக்கோள் பதிவு பிறகு காட்டியது. பல நிமிடங்களில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அதை, மேலே ஆடிக்கொண்டிருக்கும் உருண்டை எப்படிக் கண்டுபிடிக்கும்?

அதற்கு வேறு ஏற்பாடு. கடலின் அடித்தரையில் ஒரு கருவி உட்கார்ந்து, தன் தலைமேல் உள்ள தண்ணீரின் அழுத்தத்தை அளக்கிறது. பல கிலோமீட்டர் ஆழத்திலும் நீர்மட்டம் ஓரிரு சென்டிமீட்டர் மாறினால் அதற்குத் தெரியும். அது மேலே உள்ள மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்கிறது. 2007 அக்டோபரில் இன்காய்ஸில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையத்துக்கு இப்படித்தான் கடலிலிருந்து செய்தி போகிறது.

மிதவைகளுக்குக் கடலைவிடப் பெரிய ஆபத்து மனிதர்கள். மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் இருக்கும் இடத்துக்குப் படகு வரும். படகை அதிலேயே கட்டுவார்கள். கயிறு அறும், கருவி வாய் மூடும். மீனவரைக் குறை சொல்லிவிடுவது சுலபம். வெறும் வலையோடு திரும்புகிறவனுக்கு அங்கே தெரிவது மஞ்சள் உருண்டையல்ல, மீன். ஆனாலும் அறுபடுவது அவன் வீட்டுக்கு வர வேண்டிய செய்திதான்.

பெரியவர் கொஞ்ச நேரம் அலைகளை எண்ணினார். நாலைந்து சின்னதாக வந்தன. பின்னால் ஒன்று எழுந்து, கரையில் கிடந்த படகின் அடிவரை நுரை தள்ளியது.

"ரெண்டுன்னு போட்டா நாலுன்னு வச்சுக்க" என்றார். "வலையை எடு. இன்னிக்குக் கிழிசலைத் தைப்போம்."