அம்மாவின் நகையில் பிறந்த ஆர்கெஸ்ட்ரா!

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே வரும் ஸ்டேஷன் அனுப்பம்பட்டு. அங்கிருந்து வடகிழக்கே போனால் பழவேற்காடு ஏரியும் அதைச் சுற்றிய மீனவ கிராமங்களும். வலை வாங்கவும் படகு இன்ஜினைப் பழுது பார்க்கவும் வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போவது, கரையோரக் குடும்பங்களுக்குத் தெரிந்த கதைதான். அதே கதை சென்னையில், ஓர் இசைக் குடும்பத்திலும் நடந்தது.

இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் 1976-ல் இறந்தபோது, அவர் மகனுக்கு வயது ஒன்பது. வீட்டில் இருந்த கீபோர்டுகளை விற்று, அந்தப் பணத்தின் வட்டியில் வாழலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அம்மா கரீமா பேகம் சம்மதிக்கவில்லை. கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினார். அந்த மகன்தான் ஏ.ஆர்.ரஹ்மான்.

சிறுவயதிலேயே மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசிக்கப் போனார் ரஹ்மான். பிறகு 1989-ல் வீட்டை ஒட்டியே 'பஞ்சதன்' ஸ்டூடியோவைத் தொடங்கினார். இடம் தயார், ஆனால் கருவி வாங்கப் பணம் இல்லை. அம்மா கொடுத்த நகையில்தான் முதல் ரெக்கார்டர் வந்தது என்று ரஹ்மானே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலகட்டத்தில்தான் இசைப் பதிவையே மாற்றிய ஒரு தொழில்நுட்பம் பரவிக்கொண்டிருந்தது. அதன் பெயர் 'மிடி'. 1983 ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரு வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்றும் ஒலித்தது!

மிடி கேபிளில் போவது சத்தம் அல்ல. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற குறிப்பு மட்டும்தான். அந்தக் குறிப்பைச் சேமித்து, மறுபடி வாசிக்க வைப்பது சீக்வென்சர். முதலில் தாளத்தைப் பதியலாம். அது ஓடும்போதே பேஸ், அடுத்து கார்ட்ஸ், அதன்மேல் மெட்டு. ஒரு கேபிளில் 16 சேனல்கள். தப்பான ஸ்வரத்தை மட்டும் திருத்தலாம். ஸ்ருதி மாறாமல் வேகத்தைக் கூட்டலாம். ஆர்கனில் வாசித்ததைப் புல்லாங்குழலாகவும் கேட்கலாம்.

1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே கணினி வழி இசையைக் கொண்டுவந்துவிட்டார் இளையராஜா. 1992-ல் 'ரோஜா' வந்தபோது, ஒரு வீட்டு ஸ்டூடியோவில் இருந்து தேசிய விருது பெறும் இசையே வரலாம் என்று தெரிந்தது.

இதில் ஒரு வலியும் உண்டு. ஒரே ஆள் பத்துப் பேரின் பகுதியை வாசிக்க முடிந்ததும், தினமும் ரெக்கார்டிங்குக்குப் போய்வந்த வாத்தியக்காரர்கள் பலருக்கு வேலை குறைந்தது. ஆனால் நல்ல புல்லாங்குழலையோ வயலினையோ நேரில் வாசிக்கும் உயிர்ப்பைக் கருவி முழுதாகத் தந்துவிடவில்லை. ரஹ்மானும் வாத்தியக் கலைஞர்களை அழைப்பதை நிறுத்தவில்லை.

இன்று ஒரு பழைய கீபோர்டும் செல்போனும் இருந்தால் போதும். அனுப்பம்பட்டில் உட்கார்ந்தே ஒரு பாட்டுக்கு நான்கு பகுதிகளையும் பதிந்துவிடலாம். நகையை விற்க வேண்டியதில்லை. ஆனால், 'வாங்கிக்கோப்பா, பார்த்துக்கலாம்' என்று சொல்ல வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்!