கொடி தந்த வாக்கு

ஆண்டுக்கு இருமுறை, சட்டையிலே காகிதக் கொடி குத்திக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள் பிள்ளைகள். கம்பத்தில் கொடி ஏறுகிறது, கைகள் நெற்றிக்குப் போகின்றன, மிட்டாய் வழங்கப்படுகிறது, கூட்டம் கலைகிறது. ஏன் வணங்கினாய் என்று கேட்டால், "சார் சொன்னாரு" என்பதே விடை. ஒருவர் சொன்னதால் வணங்கியவன், நாளை வேறொருவர் சொன்னால் வேறொன்றையும் வணங்குவான். வணக்கம் கற்பிக்கப்படுகிறது, பொருள் கற்பிக்கப்படுகிறதா?

திருவொற்றியூரில் ஆசிரியப் பணியாற்றும் நாம் இந்தப் பாடத்தைக் கொடியிலிருந்து தொடங்குவதில்லை; கூண்டிலிருந்து தொடங்குகிறோம். புயற்கூண்டைத்தான் சொல்கிறோம். நம் வகுப்பிலே அமர்ந்திருப்போர் கடலை நம்பி வாழ்வோரின் பிள்ளைகள். ஆலையிலும் துறைமுகத்திலும் உழைப்போரின் பிள்ளைகள். 1-ஆம் எண் ஏறினால் என்ன, 10-ஆம் எண் ஏறினால் என்ன என்று அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் நமக்குச் சொல்வார்கள். 1 முதல் 11 வரை எண்கள். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. அந்தக் கூண்டுக்குள் புயல் இருக்கிறதா? இல்லை. கூண்டுக்குக் கற்பூரம் காட்டுவார் உண்டா? இல்லை. ஆயினும், பத்தாம் எண்ணைக் கண்ட பின்னும் படகைத் தள்ளச் சொல்லும் தாய் உண்டா? அவளும் இல்லை. ஏன்? இன்ன குறிக்கு இன்ன பொருள் என்று மனிதர்கள் கூடி முடிவு செய்தார்கள். அந்த முடிவு உயிர் காக்கிறது. சின்னம் என்பது அதுதான். அதற்குள் தெய்வமும் இல்லை, மந்திரமும் இல்லை. மனிதர் செய்துகொண்ட உடன்பாடு இருக்கிறது.

உடன்பாடு என்பதால், அது மாறவும் கூடும். முன்னாளில் கப்பலிலே மஞ்சள் கொடி பறந்தால், "உள்ளே நோய், நெருங்காதே" என்று பொருள். இன்றைய பன்னாட்டுக் கொடிக்குறி முறையில் அதே மஞ்சள், "கப்பலில் நோய் இல்லை, கரையோடு தொடர்புகொள்ள அனுமதி தருக" என்கிறது. நிறம் மாறவில்லை, பொருள் தலைகீழாயிற்று. மாற்றியவன் ஆண்டவனல்லன், மனிதன்.

காவிரிப்பூம்பட்டினத்திலே பறந்த கொடிகளைப் பட்டினப்பாலை அடுக்கிச் சொல்கிறது. கப்பலின் கொடி உண்டு. கள்ளுக்கடையின் கொடி உண்டு. வாதுக்கு வருக என்று கற்றறிந்தோர் உயர்த்திய கொடியும் உண்டு. கேள்விக்கே கொடி கட்டிய நாட்டிலே, கொடியைப் பற்றிக் கேள்வி கேட்பது குற்றமாகுமா?

கேட்போம், மூவண்ணக் கொடியையே கேட்போம். அது வானத்திலிருந்து இறங்கியதன்று. 1921-இல் பிங்கலி வெங்கய்யா அதன் முதல் வடிவை வரைந்து காந்தியாரிடம் அளித்தார். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முசுலிம்களுக்கு, வெள்ளை ஏனையோர்க்கு என்று அன்று பொருள் கூறினர். மதத்துக்கு ஒரு நிறமா என்ற எதிர்ப்பு எழுந்தது. 1931-இல் காங்கிரசு நிறத்தை மாற்றி, எந்த நிறத்துக்கும் மதப்பொருள் இல்லை என்று அறிவித்தது. 1947 சூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை, இராட்டை இருந்த இடத்தில் 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரத்தை வைத்தது. போரில் வென்ற பின் போரை வெறுத்த மன்னனின் சக்கரம் அது. பச்சை என்பது மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு என்று அந்த அவையிலே விளக்கினார் இராதாகிருஷ்ணன். கால் நூற்றாண்டு காலம் வாதாடி, திருத்தி, கூடி முடிவெடுத்து உருவான கொடி இது.

இராயபுரத்திலிருந்து தெற்கே நடந்தால் கோட்டை. 1932 சனவரியில், ஆர்யா எனப்படும் பாஷ்யம் அங்கே இரவோடு இரவாகக் கம்பத்தில் ஏறி, ஆங்கிலேயர் கொடி இருந்த இடத்தில் மூவண்ணத்தைக் கட்டினார். 1947-இல் அங்கு ஏறிய கொடி இன்று கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால், விடுதலை நாளிலே அந்தக் கொடியை ஏற்றும் உரிமை, மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கு 1974-இல்தான் கிடைத்தது. கலைஞர் கேட்டுப் பெற்ற உரிமை அது. அதுவரை ஏற்றியவர் ஆளுநர். ஏற்றுகின்ற கை யாருடையது என்பதிலும் பொருள் இருக்கிறது, தோழர்களே!

பச்சையின் பொருளை வகுப்பில் சொல்லி முடித்த வேளையில், எண்ணூர்ப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். "மண்ணுக்கும் பயிருக்கும் பச்சைன்னு சொல்றீங்க சார். எங்க கழிமுகத்துல எண்ணெய் வந்து எல்லாம் கறுப்பாச்சே, அது கொடிக்குத் தெரியுமா?" என்றாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, வலையும் படகும் கரையும் கறுத்ததை நேரில் கண்டவள் அவள். வகுப்பு சிரிக்கவில்லை.

அந்தப் பிள்ளையை அதட்டி உட்கார வைப்பது எளிது. அவள் கொடியை இழிவு செய்தாளா? இல்லை. கொடியை நம்பியவள்தான் அப்படிக் கேட்பாள். கொடி ஒரு வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டாள்; வாக்கு என்னாயிற்று என்று வினவுகிறாள். மிட்டாயோடு மறந்து போகிறவனைக் காட்டிலும் அவளே கொடிக்கு நெருங்கியவள் என்போம்.

மரியாதையை மிரட்டி வாங்க முடியாது என்பதை நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இலேயே, கொடி வணக்கம் செய்யும்படி பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தலாகாது என்றது அமெரிக்க உச்சநீதிமன்றம். 1985-இல் கேரளத்தில், நாட்டுப்பண் ஒலிக்கையில் எழுந்து நின்றும், தம் சமய நம்பிக்கையால் பாடாதிருந்த 3 பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். நம் கொள்கை வேறு, அவர்கள் நம்பிக்கை வேறு. எனினும், 1986-இல் அந்த நீக்கம் செல்லாது என்று நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது வென்றது அவர்களின் மதமன்று, மனச்சான்றின் உரிமை.

இவ்வளவையும் பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும்? கம்பத்துக் கொடியைவிடக் கொடிய நிறங்கள் அவர்களின் கைகளிலே ஏறிக்கொண்டிருப்பதால்! சாதிக்கு ஒரு நிறமாக மணிக்கட்டில் கயிறு கட்டிப் பள்ளிக்கு வரும் வழக்கத்தை இந்தத் தமிழ்நாடு கண்டது. 2023-இல் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட குடும்பத்து மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். அதன் பின் அமைந்த நீதிநாயகம் சந்துரு குழு, இத்தகைய வண்ணக் கயிறுகளைத் தடை செய்யுமாறு 2024-இல் பரிந்துரைத்தது. தடை தேவை. ஆனால் கையிலிருந்து கயிற்றை அறுக்கச் சட்டம் போதும். கருத்திலிருந்து அறுக்கக் கேள்வி வேண்டும். இந்த நிறத்துக்குப் பொருள் தந்தவர் யார்? எதற்காகத் தந்தார்? யாரை உயர்த்த, யாரைத் தாழ்த்த? கொடியைக் கேட்கப் பழகிய பிள்ளை கயிற்றையும் கேட்கும். கேட்டால் கயிறு நிற்காது. பிறப்பைத் தவிர அதற்குச் சொல்ல வேறொன்றுமில்லை.

இதே அளவுகோல் நாம் தூக்கும் கொடிகளுக்கும் பொருந்தும். 1923 மே நாளன்று இந்தச் சென்னையிலே சிங்காரவேலர் உயர்த்திய செங்கொடியானாலும், நம் கறுப்பும் சிவப்புமானாலும், தந்த வாக்கை வைத்தே அவற்றையும் எடை போட வேண்டும். நம் கொடிக்கு மட்டும் விலக்குக் கேட்டால், நாமும் பூசாரிகளாகிவிடுவோம்.

ஆசிரியராக இருக்கும் தோழர்களை ஒன்று வேண்டுகிறோம். அடுத்த கொடி நாளில் மிட்டாய் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்தக் கொடி என்ன வாக்குத் தந்தது, உங்கள் தெருவில் அதில் எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள். மறு ஆண்டு அதே பட்டியலை எடுத்துப் பாருங்கள்.